மகனே, நீ குடியிருப்பவனா, வந்து போகிறவனா?

தம்பி, பினாங்கில் நல்லபடியாகக் கரையிறங்கி மருமகளையும் பேரனையும் பார்த்திருப்பாய் என்ற நினைப்பில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் மீதும் உன் வீட்டார் மீதும் அல்லாஹ்வின் சலாமத் உண்டாகட்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டேன் என்று நீ கொடுத்த தந்தி வந்து சேர்ந்தது. சீமையில் சண்டை மூண்டு, எந்தக் கப்பல் எப்போது புறப்படும், எது பாதியில் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் இது. அந்தத் தந்தியைப் பார்த்த பிறகுதான் உன் அம்மா வாயில் ஒரு கவளம் சோறு இறங்கியது. எனக்கு இறங்கியதா என்று கேட்காதே. நான் எப்போதும்போலச் சாப்பிட்டேன். ஆனால் மண்டைக்குள் ஒரு குழப்பம் புகுந்துகொண்டு பத்து நாளாகப் போகமாட்டேன் என்கிறது. அதை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது? குழப்பத்துக்குக் காரணமே நீதானே.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் கடையைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. எந்த ரகக் கைலி அனுப்பட்டும், எது அங்கே போகவில்லை, கடைப் பையன்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று நான் வாரா வாரம் எழுதுவேனே, அதெல்லாம் இனிமேல் கூடாதாம். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே கடை நடத்துகிறேன் என்று வரி ஆபீசர் பிடித்துக்கொள்வாராம். பெற்ற மகனுக்குக் கடிதம் எழுதுவதற்குக்கூட இப்போது ஐயங்காரிடம் யோசனை கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல கூத்து! ஆகவே கடை விஷயம் இல்லை. மீதி எல்லாம் உண்டு, பொறுமையாகப் படி.

இந்தக் குளறுபடிக்கு விதை போட்டவன் நான்தான் என்று உனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் எப்படிப் போட்டேன் என்று முழுதாகச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. போன வருஷம் கண்டோன்மெண்டில் இருக்கிற வருமான வரி ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டம் வந்திருக்கிறது, வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் விவரம் வேண்டும் என்றார்கள். நம் கணக்குப் பார்க்கும் ஸ்ரீரங்கத்து ஐயங்காரும் கூட வந்தார். ஆபீசர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். அதில்தான் நான் ஏமாந்தேன். "உங்க மகன் இந்த வருஷம் ஊருக்கு வந்தாருல்ல, வந்தப்ப எங்க தங்கினாரு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இதென்ன கேள்வி? எங்களுக்கும் உனக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று யாராவது ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்களா என்று தோன்றியது. "மகன் வீட்டுல தங்காம சத்திரத்துலயா தங்குவான்? என்னங்க நீங்க! மாடியில அவனுக்குன்னு தனி அறையே இருக்கு. அவன் வந்தாலும் வராட்டாலும் அவன் அம்மா அதைப் பெருக்கித் தொடைச்சு வெச்சிருப்பா. சொந்தக்காரங்க வந்தாக்கூட அதுல படுக்க விடமாட்டோம்" என்றேன். பக்கத்தில் ஐயங்கார் தொண்டையைச் செருமினார். பாவம், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மேலே போனேன். கட்டில், கொசுவலை, நீ சின்ன வயதில் பட்டம் செருகி வைத்த உத்தரம் வரைக்கும் சொன்னேன். ஆபீசர் எல்லாவற்றையும் ரொம்ப சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஐயங்கார் வேப்ப மரத்தடியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராவுத்தரே, அவர் கேட்டது ஒரு கேள்வி. நீங்க கல்யாண விருந்தே போட்டுட்டேளே!" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன்? உண்மையைச் சொன்னதற்கு இந்த மனுஷர் ஏன் தலையில் அடித்துக்கொள்கிறார் என்று ஜட்காவில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அடுத்த நாள் காவேரிப் பாலம் தாண்டி உத்தர வீதியில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டு, புரியும்படி சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்றேன்.

அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். நீ அங்கே இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன், உனக்காவது விளங்கட்டும். இந்தச் சட்டப்படி மனுஷரில் மூன்று ஜாதியாம். இங்கே குடியிருக்கிறவர் ஒரு ஜாதி. குடியிருக்காதவர் இன்னொரு ஜாதி. இதுவரைக்கும் எனக்கும் விளங்கியது. மூன்றாவது ஜாதி, குடியிருக்கிறவர்தான், ஆனால் வழக்கமாகக் குடியிருக்காதவர்! "அது எப்படிங்க சாமி, ஒருத்தன் இருக்கான், ஆனா இல்ல?" என்று கேட்டேன். "இருக்கார். ஆனா சாதாரணமா இருக்கறதில்லை" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு முக்கியமானதைச் சொன்னார். "அரை வருஷம் இங்கயே இருந்தா அவர் குடியிருக்கறவர். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவருக்குன்னு இங்க ஒரு வாசஸ்தலத்தை அரை வருஷம் வெச்சுப் பராமரிச்சிண்டிருந்தா, அப்புறம் அவர் அந்த வருஷத்துல ஒரே ஒரு நாள் வந்து கால் வெச்சாலும் போறும். அவர் இந்த ஊர்ல குடியிருக்கறவர்தான். பினாங்குல சம்பாதிக்கறதையும் இங்க சேர்த்துக் கணக்குப் பார்ப்பா. அந்த மூணாவது ஜாதிக்கு வெளிநாட்டு வருமானத்துல வரி இல்லை, அதுல ஒதுங்கிக்கலாம்னா, கடையை நீங்கதான் இங்கேர்ந்து நடத்தறேள்னு சொல்லி அதையும் அடைச்சுடுவா" என்றார். வீட்டைப் பெருக்கித் தொடைத்து வைத்ததற்கா வரி என்று கேட்டேன். ஆமாம் என்றார். பாழாய்ப் போட்டிருந்தால்? பாழாய்ப் போட்டிருந்தால் நல்லது என்றார். பூட்டி வைத்தால் போதாது, அது அவருக்கு என்று இருக்கவே கூடாது என்றார்.

தம்பி, அந்த வரி நம் கடை தாங்காது என்பது எனக்குத் தெரியாததா? கடையைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன் பார். இது ஒன்றோடு சரி. ஏற்கெனவே அங்கே வியாபாரம் நொண்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடையை நம்பி நம் தெருவில் மட்டும் நாலைந்து வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் ஐயங்கார் சொன்னபடி கேட்பது என்று நீயும் நானும் முடிவு செய்தோம். இந்தத் தடவை நீ ஊருக்கு வந்தால் வீட்டில் தங்கக் கூடாது. வரிக் கணக்கு வருஷம் இப்போதுதான் பிறந்திருக்கிறது, அரை வருஷம் ஆவதற்குள் அந்த மாடி அறையை வேறு யாருக்காவது நிஜமாகவே விட்டுவிட வேண்டும். அதன் பிறகு, என் மகனுக்கென்று இந்த ஊரில் வீடு எதுவும் நான் வைத்திருக்கவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பேச்சில் இது ரொம்பச் சுலபமாக இருந்தது.

நீ வந்தாய். ரயிலை விட்டு இறங்கி ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, ஜட்கா பிடித்து நம் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்தாய். கையில் பழக்கூடை வேறு! உன் அம்மா அந்தக் கூடையை வாங்கிக்கொள்ளவில்லை, கவனித்தாயா? சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவன்தான் பழம் வாங்கிக்கொண்டு போவான் என்று உள்ளே போய் என்னிடம் சொன்னாள். கடைவீதியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான். "தம்பி வந்திருக்காராமே, லாட்ஜுல தங்கியிருக்காராமே, வீட்டுல ஒண்ணும் பேச்சு வார்த்தை இல்லையேங்க?" வருமான வரி என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? ஆபீஸ் வரைக்கும் போய்விடும். "லாட்ஜுல எலெக்ட்ரிக் ஃபேன் இருக்கு, அவனுக்கு அது பழக்கமாயிடுச்சு" என்று சொல்லி வைத்தேன். பினாங்குக்குப் போனதும் திமிர் வந்துவிட்டது என்று உன்னைப் பற்றி நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அதற்காக என் மேல் வருத்தப்படாதே.

இதுவரைக்கும் எல்லாம் ஐயங்கார் போட்ட நாடகம், நாம் நடித்தோம், அவ்வளவுதான் என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் மதியம் நீ சாப்பிட வந்தாய். பள்ளிவாசலில் ஜமாஅத் முடிந்துவிட்டது, வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்கிறேன் என்று கூடத்தில் பாயை விரித்தாய். நான் தொழுதுவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். உன் அம்மா வட்டிலைக் கழுவி வைத்துவிட்டு, நீ முடிக்கட்டும் என்று வாசற்படியில் நின்றாள். நாலு ரக்அத் தொழ வேண்டிய இடத்தில் நீ இரண்டாவதில் உட்கார்ந்தாய். எழுந்திருப்பாய் என்று பார்த்தேன். நீ வலது பக்கம் திரும்பி சலாம் கொடுத்தாய். இடது பக்கம் திரும்பி சலாம் கொடுத்தாய். முடிந்துவிட்டது. "என்ன தம்பி, மறந்துட்டியா? ரெண்டோட முடிச்சிட்ட?" என்றேன். நீ பாயைச் சுருட்டிக்கொண்டே, "இல்லத்தா, நான் முசாபிர்தானே" என்றாய்.

பிரயாணி! சபரில் இருக்கிறவனுக்கு நாலு இரண்டாகக் குறையும், பதினைந்து நாளுக்குக் குறைவாக ஓர் ஊரில் தங்க நினைப்பவன் குறைத்துத்தான் தொழ வேண்டும், எல்லாம் எனக்கும் தெரியும். நானும் பினாங்கில் இருந்து வந்தவன்தான். ஆனால் அது வெளியூரில். ஈப்போவுக்குச் சரக்குப் பார்க்கப் போனால் நீ முசாபிர், மெட்ராஸுக்குப் போனால் நீ முசாபிர். பிறந்து வளர்ந்த வீட்டின் கூடத்தில், உன் அம்மா சோற்றோடு நிற்கும்போது நீ எப்படி முசாபிர் ஆவாய்? எனக்கு வாய் வரைக்கும் வந்தது. உன் அம்மா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவள் வட்டிலை வைத்தாள். சோறு போட்டாள். நீ கறி நன்றாக இருக்கிறது என்றாய். அவள் "சாப்பிடுங்க" என்றாள். உன்னைப் போய் ‘சாப்பிடுங்க’ என்றாள், தம்பி. அது உன் காதில் விழுந்ததோ இல்லையோ, என் காதில் நன்றாக விழுந்தது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத் தனியாகப் பிடித்தேன். யார் என்று சொல்லாமல், "ஒருத்தர் சபர்லேர்ந்து சொந்த வீட்டுக்கு வந்திருக்காரு, ஒரு வாரந்தான் இருப்பாரு, அவரு கொறைச்சுத் தொழலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "சொந்த ஊருன்னா ஒரு மணி நேரம் வந்தாலும் முழுசாத்தான் தொழணும். அங்க அவரு முகீம், குடியிருக்கிறவரு" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். ஐயங்கார் சொன்னதையே இவரும் சொல்கிறாரே! வீடு என்று ஒன்று இருந்தால் ஒரு நாள் கால் வைத்தாலும் போதும் என்கிறார்களே இரண்டு பேரும்! "அப்ப அவரு தொழுதது தப்புதானேங்க?" என்று கேட்டேன். ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "அப்படிச் சொல்லிட முடியாதுங்க. பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்கிட்டுப் போயி வேற ஊர்ல நெலையா தங்கிட்டாரு, இனிமே இந்த ஊருக்குத் திரும்பி வந்து வாழப் போறதில்லைன்னு மனசுல முடிவு பண்ணிட்டாருன்னா, அப்புறம் இது அவருக்குச் சொந்த ஊரு இல்ல. அப்ப அவரு கொறைச்சுத்தான் தொழணும். அது அவரோட நிய்யத்து. அல்லாவுக்கும் அவருக்குந்தான் தெரியும்" என்றார்.

அங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. ஐயங்கார் கேட்பது வீட்டை. ஹஜ்ரத் கேட்பது மனசை. வீட்டை ஒருவர் மாற்றி எழுதிவிடலாம், மனசை எப்படி எழுதுவது? நீ அந்த இரண்டு ரக்அத்தை எதற்காகத் தொழுதாய்? லாட்ஜில் தங்குகிறோம், பிரயாணி வேஷம் போட்டாயிற்று, அதையே தொழுகையிலும் போட்டுவிடுவோம் என்றா? அப்படியானால் அது விளையாட்டுக் காரியம் இல்லை, அல்லாஹ்விடம் போய் வரி ஆபீஸ் கணக்குச் சொல்லக் கூடாது என்று உன்னை நான் திட்ட வேண்டும். அல்லது நிஜமாகவே பினாங்கோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாயா? அப்படியானால் திட்ட எனக்கு ஒன்றுமில்லை. நீ தொழுததுதான் சரி. அதற்குத்தான் பயந்தேன். நீ தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் துஆ கேட்டான் என்றால், அது நான்தான்.

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது நாலு வயசுப் பிள்ளை. நான் பினாங்குக்குப் போய் நீண்ட நாள் கழித்து வந்திருந்தேன். பெட்டியைத் திறந்து பொம்மை மோட்டாரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் நின்றாய். நான் உட்கார்ந்தால் பார்ப்பாய், எழுந்தால் பார்ப்பாய். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது நாள் எல்லோர் முன்னாலும் அம்மாவிடம், "இந்த ஆளு எப்ப போவாரு?" என்று கேட்டாய். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், எழுந்து கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவினேன். உன் கணக்கில் நான் அன்று எந்த ஜாதி? குடியிருந்தும் வழக்கமாகக் குடியிருக்காதவன், அந்த மூன்றாவது ஜாதிதானே! அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். உன் சுன்னத்துக்கு இல்லை, நீ முதல் குர்ஆன் ஓதி முடித்தபோது இல்லை. கடையில் ஆள் இல்லை, கடையில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டே இருந்தேன். கடை நான் இல்லாமலும் ஓடியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்படிப்பட்டவன் உன்னைப் பார்த்து, ஏனப்பா இரண்டோடு முடித்தாய் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அதனால்தான் மீதி இருந்த நாட்களில் உன்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும் கொஞ்சம் இருந்தது.

நீ போன மறுநாள் அறை விஷயத்தை உன் அம்மாவிடம் எடுத்தேன். மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் இருந்து வியாபாரத்துக்கு வந்து போகிற ஏஜெண்ட் ஒருவர் தங்க இடம் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், வாசல் பக்கத்து மாடிப்படி வழியாகவே போய் வந்துவிடுவார், உள்ளே வரத் தேவையில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டே அம்மியில் மசாலா அரைத்தாள். அரைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள். "ஏங்க, அவன் லாட்ஜுல படுத்தான், சரின்னேன். பழக்கூடையோட வந்தான், சரின்னேன். என் புள்ளைக்கு இந்த வீட்டுல எடம் இல்லன்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. கடலு தாண்டிப் போனவனுக்கு அந்த வார்த்தைய எந்த அம்மாவாவது சொல்லுவாளா? கப்பல்ல இருக்கான் இன்னும்." சொல்ல வேண்டியவன் நான்தான், நீ இல்லை, வெறும் காகிதம்தான் என்றேன். "காகிதத்துக்காகவா அவன் ரெண்டோட முடிச்சான்?" என்று கேட்டாள். அன்றைக்குக் கூடத்தில் அவள் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள். ஐயங்காருக்கு என்ன பதில் சொல்வது, கடையை என்ன செய்வது, இவளை என்ன செய்வது என்று மண்டை காய்ந்தது.

அப்போதுதான் யோசித்தேன், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியுமே, அதை ஏன் அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்று. உனக்குத் தெரியும், நீ செய்ததுதான். ஆனால் நான் கவனித்தேன் என்பது உனக்குத் தெரியாது.

நீ புறப்பட்ட அன்று ஜங்ஷனில் உன்னோடு நான் மட்டும் நின்றேன். நாகப்பட்டினம் வண்டி வர நேரமிருந்தது, அஸர் வந்துவிட்டது. பிளாட்பாரக் கோடியில், தண்ணீர்க் குழாயில் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு என் துண்டை விரித்தோம். நான் உள்ளூர்க்காரன், நான் முன்னால் நின்று தொழ வைத்தால் நீ எனக்குப் பின்னால் எப்படியும் நாலு தொழுதாக வேண்டும். அப்படித் தந்திரமாக உன்னை நாலு தொழ வைக்க எனக்கு இஷ்டமில்லை. "நீயே முன்னால நில்லுப்பா" என்றேன். நீ தயங்கினாய், பிறகு நின்றாய். முசாபிர் இரண்டில் சலாம் கொடுப்பான், பின்னால் நிற்கிற உள்ளூர்க்காரன் தனியாக எழுந்து மீதி இரண்டைத் தொழுதுகொள்ள வேண்டும், அதற்குத் தயாராக இருந்தேன். இரண்டாவது ரக்அத்தில் உட்கார்ந்தோம். உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது, தெரியும், பார்த்தேன். இப்போது தலை வலது பக்கம் திரும்பும், இப்போது திரும்பும் என்று இருந்தேன். உன் தலை திரும்பவில்லை. "அல்லாஹு அக்பர்" என்று சொல்லி நீ எழுந்தாய். மூன்றாவது ரக்அத்துக்கு எழுந்துவிட்டாய்! நானும் கையை ஊன்றி எழுந்தேன். நாலையும் முழுதாகத் தொழ வைத்தாய். மறதியில் கூட்டிவிட்டால் கடைசியில் அதற்கென்று இரண்டு சஜ்தா செய்வார்களே, அதையும் நீ செய்யவில்லை. சலாம் கொடுத்தாய், துண்டை உதறி மடித்து என் தோளில் போட்டாய், வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், நீ ஏறிக்கொண்டாய்.

இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு தடவை கேட்டாள், பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். "சலாம் குடுக்காமயே எந்திரிச்சானா? நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாடிக்குப் போய் அவளே கொசுவலையை அவிழ்த்துக் கீழே கொண்டு வந்தாள். "அந்த மில்லுக்காரரை வரச் சொல்லுங்க. இவன் வந்தா கூடத்துல என் பக்கத்துல படுத்துக்கட்டும். கூடத்துல படுக்கிறவன் என்ன ஜாதின்னு உங்க ஆபீசரு கண்டுபிடிக்கட்டும், பாப்போம்" என்றாள். நான் ஐயங்காரிடம் இந்தப் பேச்சைச் சொல்லவில்லை. மில் ஏஜெண்ட் குடிவந்துவிட்டார். நேற்று கண்டோன்மெண்டுக்குப் போய், என் மகனுக்கென்று இந்த ஊரில் நான் வீடு எதுவும் வைத்திருக்கவில்லை என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன். சொன்ன வார்த்தையில் பொய் இல்லை, ஆனாலும் எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை, நான் மெய்யைத்தான் சொன்னேனா என்று.

மில்லுக்காரர் நல்ல அரிசி கொடுக்கிறார். பேரனுக்கு உடம்பு எப்படி என்று எழுது, அவனுக்கு நம் பாஷையில் பேசச் சொல்லிக்கொடு. ஆனால் ஒன்று, அன்று நீ நினைத்து எழுந்தாயா, மறந்து எழுந்தாயா என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. நேற்று ஆபீசிலிருந்து வரும் வழியில் ஹஜ்ரத்தைப் பார்த்து அதையும் கேட்டுவிட்டேன். "அவரு முகீமா இருந்து நாலு தொழ வெச்சிருந்தா ரெண்டு பேரு தொழுகையும் கூடிடுச்சு, செல்லும். முசாபிரா இருந்து மறந்துபோயி நாலு தொழ வெச்சிருந்தா, பின்னால நின்ன உங்க தொழுகை செல்லாதுங்க. நீங்க அந்த அஸரைத் திருப்பித் தொழுதுடுங்க, எதுக்கு வம்பு" என்றார். சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் திருப்பித் தொழவில்லை, தம்பி. தொழவும் மாட்டேன்.

உன் அத்தா